பவளத் தொட்டியில் நீரோட்டம்

பவளம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் மாதர் அணியும் செந்நிற மணியே நம் மனத்தில் தோன்றும். ஈண்டு யாம் கூறப்புகும் பவளம் அதனின் வேறானது. அது வெப்பமண்டலக் கடல்களில், ஞாயிற்றின் ஒளி எட்டும் ஆழத்தில், சுண்ணாம்புப் பாறைகளை எழுப்பும் சிற்றுயிர்களின் கூட்டம். இத்தகைய பாறையின் ஒரு சிறு கூற்றைக் கண்ணாடித் தொட்டியில் உயிருடன் வைத்து இல்லத்திற் பேணும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியுள்ளது. தொட்டிக்கு வேண்டும் உப்பையும் ஒளியையும் வெப்பத்தையும் கடையில் வாங்கிவிடலாம். கடலின் அசைவையோ நாமே அமைத்தல் வேண்டும். அதற்குரிய முறைகளுள் ‘மூடிய சுற்று’ எனப்படுவதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

அசைவு ஏன் வேண்டும் என்பதை முதற்கண் அறிதல் நன்று. சார்லஸ் டார்வின் 1836-ஆம் ஆண்டிற் கீலிங் தீவுகளைக் கண்டார். பவளப் பாறைகளைப் பற்றிய தம் நூலை 1842-இல் வெளியிட்டார். அலைகள் ஓயாது மோதும் வெளிவிளிம்பிலேதான் பவளம் மிகச் செழித்து வளர்கிறது என்பதை அவர் அந்நூலில் எடுத்துக் காட்டினார். இதன் காரணம் விளங்கிக் கொள்ளத்தக்கதே. பவளவுயிர் ஓரிடத்தில் ஒட்டி வாழ்வது; இரையைத் தேடிச் செல்ல அதற்கு இயலாது. அதன் மேனியை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று அசையாது நிற்கும். உள்ளே செல்லும் பிராணவாயுவும் சுண்ணச்சத்தும், வெளியே வரும் கழிவும் அப்படலத்தைக் கடந்தே ஆகவேண்டும். நீர் விரைந்தோடின் படலம் மெலியும். நீர் தேங்கின் தடிக்கும். பவளத்தின் உடலுள் வாழும் நுண்பாசிகள் பகலிற் பிராணவாயுவை உண்டாக்கினும், இரவில் அவையும் அதனை உட்கொள்ளும். ஆதலின் இரவில் நீரோட்டத்தின் தேவை குறைவதில்லை.

இனி, நீரை அசைக்கும் வழிகளை நோக்குவோம். பெரும்பாலான தொட்டிகளுக்கு அடியிற் கீழ்த்தொட்டி ஒன்று உண்டு. மேலிருந்து வழிந்த நீர் அங்கே தூய்மையாக்கப்பட்டுப் பம்பினால் மீண்டும் மேலேற்றப்படும். இதற்காகும் செலவைக் கணக்கிடுவோம். 120 சென்டிமீட்டர் நீளமும், 60 சென்டிமீட்டர் அகலமும், அதே உயரமும் உடைய தொட்டி 432 லிட்டர் கொள்ளும். அந்நீர் மணிக்கு 20 முறை சுழல வேண்டுமாயின் 8,640 லிட்டர், அதாவது விநாடிக்கு 2.4 லிட்டர் ஓடவேண்டும். அதனை ஒன்றரை மீட்டர் உயர்த்துவதற்கு, யாதோர் இழப்பும் இல்லையெனினும், 35 வாட் ஆற்றல் ஆகும். மெய்யான பம்புகள் உட்கொள்ளும் மின்சாரமோ இதனிற் பன்மடங்கு. இவ்வளவும் நீரைத் தூக்குவதிற் செலவாகின்றதேயன்றி, அதனை அசைப்பதிற் செலவாவதன்று.

மூடிய சுற்றிற் பம்பு நீரைத் தொட்டியிலிருந்தே உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். பம்பு தொட்டியின் கீழே அலமாரியில் இருப்பினும் உயரம் அதற்குச் சுமையாகாது. இறங்கும் குழாயிலுள்ள நீரின் பாரமும் ஏறும் குழாயிலுள்ள நீரின் பாரமும் தராசின் இரு தட்டுக்கள்போல் ஒன்றையொன்று ஈடு செய்யும். எஞ்சுவது குழாயின் சுவரிலும் வளைவுகளிலும் உண்டாகும் உராய்வு மட்டுமே. எனவே, மிகுந்த அழுத்தம் தரும் பம்பு இதற்கு வேண்டுவதன்று; குறைந்த அழுத்தத்தில் நிறைய நீரைத் தள்ளுவதே தக்கது. நீரைத் தூய்மையாக்கும் கீழ்த்தொட்டி இம்முறையிலும் வேண்டும்; ஆயின் அதற்குச் சிறு பம்பே போதும்.

உராய்வைக் குறைக்கும் வழி குழாயை அகலமாக்குதலே. ஒரே அளவு நீர் ஓடும்போது குழாயின் விட்டம் பாதியானால் உராய்வு ஏறத்தாழ 32 மடங்காகும். மேற்கூறிய நீர் முழுவதும் 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றின் வழியே உறிஞ்சப்படின் விநாடிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் வேகத்தில் ஓடும். 50 மில்லிமீட்டர் குழாய்கள் இரண்டு வைப்பின் வேகம் 61 சென்டிமீட்டராகக் குறையும். உறிஞ்சும் வாய்கள் இரண்டாக இருத்தலில் வேறொரு நன்மையும் உண்டு: ஒன்றை மீனோ பாசியோ அடைப்பினும் மற்றொன்று நீரைத் தரும். இரண்டிற்கும் அகன்ற சல்லடை மூடி இன்றியமையாதது.

வேலையைத் தொடங்குமுன், கண்ணாடி பதமேற்றிய வகையா என அறிதல் வேண்டும். அவ்வகையாயின் துளையிட்டவுடன் அது நொறுங்கிவிடும். துளையிற் பொருத்துவது கடைகளில் ‘டேங்க் நிப்பிள்’ என வழங்குவது. அதன் ரப்பர் வாஷர் நீர்ப்புறத்தில் அமைதல் வேண்டும். அதனை அடுத்து ஒரு வால்வும், பம்பின் இருபுறமும் யூனியன்களும் வைப்பின், தொட்டியின் நீரை இறைக்காமலே பம்பைக் கழற்றித் துலக்கலாம். நீர்படும் இடத்திற் செம்போ பித்தளையோ இருத்தலாகாது. செம்பு பவளத்திற்கு நஞ்சு. நீரை வெளிவிடும் வாய்கள் நான்காயின் நன்று. அவற்றின் ஓட்டங்கள் ஒன்றோடொன்று மோதிக் குழம்புமாறு திருப்புக. யாதோர் ஓட்டமும் பவளத்தின்மீது நேரே பாய்தல் கூடாது. பாயின் அதன் தசை கழன்று வெள்ளெலும்பே நிற்கும். மின்விசையாற் சுழலும் வால்வு ஒன்றைச் சேர்ப்பின், வாய்கள் மாறி மாறித் திறந்து அலையின் போக்குவரவை ஒருவாறு ஒத்திருக்கும்.

இம்முறையின் இடர் ஒன்றையும் மறைத்தலாகாது. வெளிநாட்டில் வாழும் நண்பர் ஒருவர் இத்தகைய சுற்றைத் தாமே அமைத்தார். துளைகளைத் தரையினின்று நான்கு விரற்கடை உயரத்தில் இட்டார். பம்பின் அருகே ஓர் இணைப்பிற் பசை நன்கு உலருமுன்னரே நீரை விட்டார். சில வாரங்கள் குறையேதும் தோன்றவில்லை. ஓரிரவில் அவ்விணைப்பு விலகியது. விடியற்காலையில் அறை முழுதும் நீர். மூன்றாண்டுகளாக வளர்ந்த பவளங்கள் காற்றில் நின்றன. அவற்றுட் பிழைத்தவை சிலவே. பசையின் குறையினும் துளையின் இடமே இப்பேரிழப்பிற்குக் காரணமாயிற்று. குழாய் எங்கே முறியினும், தொட்டியில் எஞ்சும் நீர் மிகத் தாழ்ந்த துளையின் மட்டத்தளவே. ஆதலின் உறிஞ்சும் துளை, வெளிவிடும் துளை ஆகிய அனைத்தையும், காற்று உட்புகாத அளவிற்கு, நீர்மட்டத்தின் அண்மையிலேயே இடுதல் வேண்டும். பவளத்தை வைக்குமுன் வெறும் நன்னீரை நிரப்பிச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். ஒரே பம்பை நம்புதலினும் சிறிய பம்புகள் இரண்டு நன்று. மின்சாரம் நின்றக்கால் உதவ, மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று அருகில் இருத்தல் வேண்டும்.

நம் நாட்டு மாணவர்க்கு ஒரு சொல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையிற் பாறை கட்டும் பவளங்கள் 2001-இற் சேர்க்கப்பட்டன. எனவே மன்னார் வளைகுடாவினின்று அவற்றை எடுத்து வருதல் குற்றமாகும். எனினும் இக்கலையைப் பயிலப் பவளம் வேண்டுவதில்லை. நன்னீர்த் தொட்டியொன்றிற் சில கற்களை அடுக்கிச் சுற்றை இயக்கி, ஒரு துளி சாயத்தை விடுக. சாயம் எங்கே தங்குகிறதோ அங்கே நீர் தேங்குகிறது என்பது கண்கூடாக விளங்கும். பின்னர் வாயைச் சிறிது திருப்பி மீண்டும் ஒரு துளி விடுக. துளையிடுமுன் கணக்கிட்டும், உயிரை வைக்குமுன் சோதித்தும் பழகிய மாணவனிடம், பின்னொரு நாள், உயிருள்ள தொட்டியொன்றை அச்சமின்றி ஒப்புவிக்கலாம்.