கேட்பது என்றால் இரண்டு வேலை



நம் கல்லூரியில் ஒவ்வோர் ஆண்டும் பேரவைத் தொடக்க விழா, துறை மன்றக் கூட்டம், கருத்தரங்கு, ஆண்டு விழா என்று ஏதாவது ஒரு சாக்கில் வெளியிலிருந்து சிறப்பு விருந்தினர்கள் வந்து பேசுகிறார்கள். வரவேற்புரை, பொன்னாடை, அறிமுகம், சிறப்புரை, நன்றியுரை, நாட்டுப்பண். இந்த வரிசை நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் அடுத்த நாள் காலையில் யாராவது "நேத்து வந்தவர் என்ன பேசினார்?" என்று விசாரித்தால், "சூப்பரா பேசினார்டா" என்ற பதிலோடு நின்று விடுகிறது. என்ன பேசினார் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பாடப் புத்தகத்தை எப்படிப் படிப்பது என்று ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்கள். ஒரு சொற்பொழிவை எப்படிப் படிப்பது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல், இரண்டு வேலை

தமிழில் 'கேள்' என்ற சொல் விசேஷமானது. "பாட்டு கேட்டேன்" என்றால் காது செய்த வேலை. "வழி கேட்டேன்" என்றால் வாய் செய்த வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்தான். திருக்குறளில் 40ஆம் அதிகாரம் கல்வி, 41 கல்லாமை, 42 கேள்வி. அங்கே கேள்வி என்றால் கேட்டு அறிந்துகொள்வது. கல்லாமைக்கு அடுத்தபடியாகவே கேள்வி வந்து நிற்கிறது. எழுதப் படிக்க வாய்க்காதவனுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் தோட்டத்து மோட்டார் உறுமுகிற சத்தத்தை வைத்தே "ஒரு பேஸ் போயிருச்சு, ஆஃப் பண்ணு" என்று சொல்லிவிடுவார். எங்கே படித்தார்? மோட்டார் கழற்ற வந்த மெக்கானிக் பக்கத்திலேயே நின்று, அவர் சொன்னதைக் காதில் வாங்கி, "இது எதுக்குண்ணே? அது ஏன் கருகுச்சு?" என்று நச்சரித்துப் படித்ததுதான். அப்பா இரண்டு வேலையையும் செய்திருக்கிறார். கூட்டங்களில் நாம் ஒரு வேலையோடு எழுந்து விடுகிறோம்.

வேடசந்தூர், வடமதுரை, குஜிலியம்பாறை பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற நம்மில் பல பேர் இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான். டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை நம் வீட்டில் யார் சொல்வார்கள்? 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு பயிற்சி உண்டு, அதைத் தென் மாநிலங்களுக்குக் கவனிக்கும் வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது என்பதை யார் சொல்வார்கள்? படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு மாமாவோ சித்தப்பாவோ சாப்பாட்டு வேளையில் சொல்லிவிடுவார். நமக்கு மேடை ஏறுகிற விருந்தினர்தான் அந்த மாமா! ஆகவே ஒரு சிறப்புரையைத் தவறவிட்டால் மற்றவர்களை விட நமக்குத்தான் நஷ்டம் அதிகம்.

1928, சென்னை மாநிலக் கல்லூரி

1928ஆம் ஆண்டு ஜெர்மனியின் பெரிய இயற்பியல் பேராசிரியர் அர்னால்டு சோமர்ஃபெல்டு இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பேசினார். கூட்டத்தில் இருந்தவர்களில் சந்திரசேகர் என்ற இயற்பியல் மாணவரும் ஒருவர். வயது பதினெட்டை ஒட்டி, ஏறக்குறைய நம் வயதுதான். அணு அமைப்பைப் பற்றி சோமர்ஃபெல்டு எழுதிய புத்தகத்தை அவர் ஏற்கெனவே கரைத்துக் குடித்திருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கி விடவில்லை. பேராசிரியர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தேடிப் போனார். அங்கே அவருக்கு அதிர்ச்சி காத்திருந்தது. நீ படித்த புத்தகத்துக்குப் பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொன்னார். ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் முதலானவர்களின் புதிய குவாண்டம் இயக்கவியல் வந்துவிட்டது! ஏமாற்றத்தோடு நின்ற மாணவரிடம், உலோகங்களில் எலக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தாம் எழுதி, அப்போது இன்னும் வெளிவராதிருந்த ஆய்வுக் கட்டுரையின் அச்சுத் தாள்களைக் கொடுத்தார்.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு ஃபெர்மி–டிராக் புள்ளியியல் என்ற புதிய கணக்கு முறையைச் சந்திரசேகர் தாமே கற்றார். அதைப் பயன்படுத்தி ஒரு கட்டுரை எழுதினார். அது 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, அதே கணக்கு முறையை நட்சத்திரங்களுக்குப் பொருத்திப் பார்த்தார். வெண்குறு விண்மீன் ஒன்றின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்ற முடிவுக்கு அந்த வழிதான் கொண்டுபோய் விட்டது. இன்று உலகமே அதைச் 'சந்திரசேகர் எல்லை' என்கிறது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் சோமர்ஃபெல்டு ஒரே பேச்சைத்தான் பேசினார். அச்சுத் தாள் மட்டும் தேடிப் போனவர் கைக்குத்தான் வந்தது.

'அவர் கதை வேறு, நம் கதை வேறு' என்று சிலர் நினைக்கலாம். நியாயம்தான். சந்திரசேகரின் தந்தை அரசுக் கணக்குத் துறையில் உயர் அதிகாரி. சித்தப்பா, 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன். அந்த வீட்டில் புத்தகத்துக்குப் பஞ்சம் இருந்திருக்காது. சரி, புத்தகம் வாங்க வழியில்லாத ஒருவரைப் பார்ப்போம்.

பைண்டிங் கடைப் பையன்

மைக்கேல் ஃபாரடே லண்டனில் ஒரு கொல்லரின் மகன். முறையான படிப்பு மிகக் கொஞ்சம். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் தெரிந்துகொண்டார். 1812இல் கடைக்கு வருகிற ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி ஆற்றும் சொற்பொழிவுகளுக்கு அவருக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்தார். வீட்டுக்கு வந்து அவற்றை விரிவாக எழுதினார், படங்கள் வரைந்தார், தன் கையாலேயே பைண்டிங் செய்தார். அந்த நோட்டை டேவிக்கே அனுப்பி வேலை கேட்டார். 1813 மார்ச்சில் அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராகச் சேர்ந்தார்.

1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தது இந்த ஃபாரடேதான். நம் லேபில் இருக்கிற டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர் எல்லாம் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. இன்டக்‌ஷன் மோட்டாரும் அப்படியே. கெபாசிட்டரின் அளவைச் சொல்லும் 'ஃபாரட்' என்ற அலகும் அவர் பெயர்தான். பின்னாளில் அவரே அந்த மேடையில் ஏறி இளைஞர்களுக்காகப் பல ஆண்டுகள் பேசினார். 1825இல் தொடங்கிய அந்தக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றும் நடக்கின்றன.

மில்லிலிருந்து வந்தவர்

இனி நம் ஊருக்கு வருவோம். வேடசந்தூர் வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நூற்பாலை. நம் மின்னியல் மன்றத்துக்கு, ஒரு மில்லின் மின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் உழைத்த ஒருவர் வந்து பேசினார். அரை மணி நேரம்தான், அதுவும் தமிழில்தான். பவர் பேக்டர் நமக்கு வெறும் 'காஸ் பை'. அவருக்கு அது மாதாமாதம் வருகிற கரண்ட் பில். அவர் போர்டில் போட்ட கணக்கு இது:

415 வோல்ட், மூன்று பேஸ் லைனில் 100 கிலோவாட் லோடு. பவர் பேக்டர் 0.80 என்றால் 125 கே.வி.ஏ. வேண்டும். கரண்ட் சுமார் 174 ஆம்பியர். அதையே 0.95க்கு உயர்த்தினால் சுமார் 105 கே.வி.ஏ. போதும். கரண்ட் சுமார் 146 ஆம்பியர். வேலை அதே வேலைதான், 28 ஆம்பியர் மிச்சம். மெயின் கேபிளில் சூடாக வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அந்த நஷ்டம் மட்டும் ஏறக்குறைய 29 சதவீதம் குறையும். இதற்குத் தேவையான கெபாசிட்டர் சுமார் 42 கே.வி.ஏ.ஆர்.

எல்லாரும் கைதட்டினோம். நன்றியுரைக்கு ஆள் எழுந்த நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒரு நண்பன், "சார், கெபாசிட்டர் அவ்வளவு நல்லதுன்னா எப்பவும் ஆன்லயே விட்டுடலாமே?" என்று கேட்டான்.

அவர் முகம் மலர்ந்து விட்டது. "இப்படிக் கேளுங்க தம்பி! மெஷின் பூரா ஓடுறப்ப சரி. நிறுத்திட்டா லோடு இறங்கிரும், ஆனா கெபாசிட்டர் அதே அளவுதான் கொடுத்துக்கிட்டு இருக்கும். லேக்கிங்கா இருந்தது லீடிங் பக்கம் போயிரும், வோல்டேஜும் ஏறும். அதனாலதான் லோடுக்குத் தக்கபடி சேர்த்து எடுக்குற ஆட்டோமேட்டிக் பேனல் வெக்கிறோம். இன்னொண்ணு சொல்றேன், எழுதிக்கங்க. கெபாசிட்டரை ஆஃப் பண்ணினதும் கை வெச்சிராதீங்க. சப்ளை போனாலும் சார்ஜ் உள்ள நிக்கும். பொறுத்திருந்து, டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர் வெச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும்."

நண்பர்களே, நாளைக்கு மில்லிலோ சப்ஸ்டேஷனிலோ வேலைக்குப் போகப் போகிறவர்கள் நாம்தான். நம் உயிரைக் காப்பாற்றக் கூடிய அந்தக் கடைசி வாக்கியம் அவர் தயாரித்து வந்த பேச்சில் இல்லை. ஒரு நண்பனின் கேள்விக்குப் பின்னால்தான் வந்தது.

எப்படிக் கேட்பது?

மேலே சொன்னவற்றிலிருந்து எனக்குத் தோன்றிய சில வழிகள்:

1. முதல் நாளே விருந்தினர் யார், எந்தத் தொழில் என்று தெரிந்துகொண்டு, அந்தப் பாடத்தை ஒரு முறை புரட்டுங்கள். சந்திரசேகர் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனார்.

2. நோட்டில் மூன்று பத்தி பிரியுங்கள். அவர் சொன்ன விஷயம், சொன்ன எண்கள், எனக்குப் புரியாதது. மூன்றாவது பத்தியிலிருந்துதான் கேள்வி பிறக்கும். செல்போனில் பதிவு செய்தால் பேச்சு போனுக்குள் போகும். மண்டைக்குள் போக எழுத வேண்டும்.

3. அன்று ராத்திரியே திருப்பி எழுதுங்கள். படம் போடுங்கள், கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நாள் போனால் பாதி மறந்து போகும்.

4. ஆங்கிலத்தில் பேசினாரா? தமிழில் கேளுங்கள். இங்கிலீஷ் வரவில்லையே என்று வாயை மூடிக்கொண்டால் அறிவும் சேர்ந்து வெளியே நின்றுவிடும். 'ஐயா, இதைத் தமிழில் ஒரு தடவை சொல்லுங்க' என்பதும் நல்ல கேள்விதான்.

5. உழைத்தால் உயரலாம் என்று சாதனைக் கதை சொல்பவர்களும் வருவார்கள். கேட்கும்போது ரத்தம் சூடேறும். அவர்களிடம் விவரம் கேளுங்கள். முதல் வேலை எப்படிக் கிடைத்தது? பணம் யார் கொடுத்தார்கள்? எது கைகொடுக்கவில்லை? அந்தப் பதில்கள்தான் நமக்கு வழிச்செலவுக்கு ஆகும்.

பேரவைக்கு ஒரு விண்ணப்பம்

டாக்டர் அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில், இந்திய மேலாண்மைக் கழக மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்து காலமானார். வயது 83. நாடு முழுக்கச் சென்று மாணவர்களைச் சந்தித்தவர். பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொல்வது அவர் வழக்கம். அன்று அந்த மாணவர்களுக்குக் கேள்வி நேரம் கிடைக்காமலே போய்விட்டது. நமக்குக் கிடைத்தும், அதைப் பொன்னாடைக்கும் அறிமுகத்துக்கும் செலவழித்து விடுகிறோம்.

ஆகவே நம் பேரவைப் பொறுப்பாளர்களுக்குப் பணிவான ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு முதல் எந்தச் சிறப்புரை நடந்தாலும் நன்றியுரைக்கு முன்னால் பதினைந்து நிமிடம் கேள்வி நேரம் என்று அழைப்பிதழிலேயே அச்சடியுங்கள். அறிமுகவுரையில் கொஞ்சம் குறைத்தால் அந்த நேரம் தானாகக் கிடைக்கும். கேள்வியும் பதிலும் எழுதிய நோட்டு ஒன்றை நூலகத்தில் வையுங்கள். நமக்குப் பின்னால் எரியோட்டுக்குப் படிக்க வரும் தம்பி தங்கைகள் புரட்டிப் பார்க்கட்டும். அவர்களில் பலர் வீட்டிலும் சொல்லித்தர ஆள் இருக்காது.



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னியல் துறை