துணியும் நினைவு வைத்திருக்கும்



சாக்குத் துணியை நாம் எதற்கு வைத்திருக்கிறோம்? நெல்லு கட்ட, வாசல்ல போட்டுக் கால் துடைக்க. தென் அமெரிக்காவில் சிலி நாட்டுப் பெண்கள் அதில் தங்கள் பிள்ளைகளின் கதையைத் தைத்தார்கள்.

1973 செப்டம்பர் 11-இல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. தளபதி பினோசே 1990 வரை ஆண்டார். எதிர்த்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 3000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். எங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. பத்திரிகையில் எழுதவும் வழியில்லை. அப்போது சாந்தியாகோ நகரத்து அம்மாக்களும் மனைவிகளும் தேவாலயத்தின் உதவியோடு ஒன்றாக உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்கள்.

அடியில் சாக்கு. அதன்மேல் கிழிசல் துணியில் வெட்டிய வீடு, தெரு, போலீஸ் வண்டி, பின்னாடி ஆண்டீஸ் மலை. ஆட்கள் குட்டிப் பொம்மை மாதிரி புடைச்சுக்கிட்டு நிப்பாங்க. சிலவற்றில் 'எங்கே அவர்கள்?' என்று நூலாலேயே எழுதியிருக்கும். இதன் பெயர் அர்ப்பியேரா. ஸ்பானிஷ் மொழியில் அதற்கு அர்த்தமே சாக்குத்துணிதான்! சிலர் காணாமல் போனவருடைய உடுப்பிலேயே வெட்டித் தைத்தார்கள். கத்திரிக்கோலை வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ! ஆனால் பெட்டியில் பூட்டி வைத்தால் ஒரு வீட்டுக்குத்தான் தெரியும். இவை வெளிநாடுகளுக்கு விற்பனைக்குப் போயின, கூடவே சேதியும் போனது. பொம்பளைங்க தையல்தானே என்று அரசாங்கம் முதலில் கண்டுகொள்ளவில்லை.

இலங்கையிலும் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. அதற்குத் தப்பி வந்த குடும்பங்கள் நம் மாவட்டத்திலேயே லெணாவிலக்கு, தோப்புக்கொல்லை முகாம்களில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்த ஹேமா ஷிரோனி என்ற ஓவியர் ஊசியும் நூலும் எடுத்துத் துணியில் வீடுகளைத் தைக்கிறார். ஊர் விட்டு ஊர் போனவர்களின் நினைவுதான் அவர் கலை.

"அதான் போட்டோ இருக்கே, துணி எதுக்குடி?" என்று என் தோழி கேட்டாள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்க வீட்டு ஓடு பறந்து ஆல்பம் நனைஞ்சு போச்சு. படமெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சு, பிரிச்சா முகம் இல்லை. இறந்துபோன அப்பாயியின் சுங்குடிச் சேலையும் நனைந்தது. காயப்போட்டோம், இன்றும் இருக்கிறது. அடுப்புப் பொறி பட்ட ஓட்டைகூட அப்படியே இருக்கு.

அதில் ஒரு வீடு தைக்கிறேன் என்றேன். அம்மா வெட்ட விடவில்லை. வெட்டாமலும் செய்யலாம். வங்காளத்தில் பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் மீனும் தைத்துப் போர்வை ஆக்குவார்கள். பெயர் காந்தா. நேராக ஓடுகிற சாதாரணத் தையல்தான், நமக்கும் வரும்.