சிறைக்குள் எந்த மருந்து?

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலச் சிறைகளில் 2016-ல் ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளின் அடிமைத்தனத்துக்கு மூன்று மருந்துகளையும் கொடுக்கத் தொடங்கினார்கள்: மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்சோன். அந்நாட்டில் அப்போது பெரும்பாலான சிறைகள் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

மூன்றில் எது? நான் முதலில் கேட்பது விடுதலைத் தேதியைத்தான். உள்ளே இருக்கும் மாதங்களில் உடலின் தாங்குசக்தி இறங்கிவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பற்றி 2007-ல் வெளிவந்த ஆய்வின்படி, முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் அளவுமீறிச் சாகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் 129 மடங்கு.

காவலர்களுக்குப் பிடித்தது நால்ட்ரெக்சோன். ஓபியாய்டின் விளைவைத் தடுக்க மாதம் ஒரு ஊசி. போதையே இல்லாததால் கடத்தலுக்கும் வேலையில்லை. ஆனால் போடுவதற்கு முன் 7 முதல் 10 நாள் ஓபியாய்டு உடலில் இருக்கக்கூடாது. அடுத்த ஊசிக்கு ஆள் வராவிட்டால் தடுப்பும் போச்சு, தாங்குசக்தியும் கிடையாது. தானாக விரும்பிக் கேட்பவருக்கு மட்டும் கொடுக்கலாம் என்பேன்.

மெத்தடோன் திரவம், தினமும் செவிலியர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். நெடுநாள் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்கு நன்றாகப் பிடிக்கும். இதயத்துடிப்பைக் கவனிக்க வேண்டும். வெளியே உரிமம் பெற்ற கிளினிக்கில்தான் கிடைக்கும், தொடக்கத்தில் அநேகமாக தினமும் போக வேண்டியிருக்கும். பஸ் இல்லாத ஊர்க்காரருக்கு இது ஆகாது. ஏற்கெனவே மெத்தடோன் எடுத்துக்கொண்டிருக்கும்போது சிறைக்கு வருபவருக்கு மட்டும் எக்காரணத்தாலும் அதை நிறுத்தாதீர்கள்.

மற்றவர்களுக்கு என் முதல் தேர்வு பியூப்ரெனார்ஃபின். வெளியே சாதாரண மருத்துவர் சீட்டிலேயே மருந்துக்கடையில் வாங்கலாம். உள்ளேதான் தொல்லை. நாக்கின் அடியில் வைத்தது கரையப் பத்து நிமிடமாகும். அதுவரை உட்கார வைத்து, பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு போய் விற்பவர்கள் உண்டு. வாங்குபவர்களில் பலர் மருந்து கிடைக்காமல் உடம்பு முறுக்கித் தவிப்பவர்கள் என்பதைக் காவலர்கள் பேசுவதில்லை! மாதாந்திர ஊசி இந்தத் தொல்லையைத் தீர்க்கும், விலைதான் அதிகம். இன்னொன்று: கடைசியாக ஹெராயின் எடுத்து 12 மணி நேரமாவது ஆகாமல் தொடங்கினால் விலகல் வேதனை ஒரேயடியாக வந்து தாக்கும். ஃபென்டனில் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ரோட் ஐலண்டில் 2016-ன் முதல் ஆறு மாதத்தில் அளவுமீறி இறந்தவர்களில் 26 பேர் அண்மையில் விடுதலையானவர்கள்; அடுத்த ஆண்டு அதே காலத்தில் 9 பேர். எந்த மருந்தானாலும், விடுதலை நாளில் கையில் கொடுக்கும் பையில் அளவுமீறலை முறிக்கும் நலாக்சோன் மூக்குத்தெளிப்பானும், மறுநாள் போக வேண்டிய கிளினிக்கின் முகவரியும் இருக்கட்டும்.