சென்னை ஓபனும் மூன்று வைல்டு கார்டுகளும்

வேலை வேணும்னா அனுபவம் கேட்பாங்க. அனுபவம் வேணும்னா வேலை கிடைக்கணும். ஃபைனல் இயர்ல இருக்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தொழில்முறை டென்னிஸிலும் இதே சிக்கல்தான். பெரிய போட்டியில் நுழைய ரேங்க் வேணும், ரேங்க் ஏற அந்தப் போட்டிகள் தரும் புள்ளிகள் வேணும். இதிலிருந்து வெளியே வர ஒரு குறுக்கு வழி இருக்கு. சென்னை ஓபனை வைச்சே பார்ப்போம்.

1996-ல் டெல்லியில் தொடங்கிய போட்டி இது. அடுத்த வருஷமே சென்னை நுங்கம்பாக்கத்துக்கு வந்து, 2017 வரை அங்கேயே நடந்துச்சு. ராஃப்டர், மோயா எல்லாம் இங்கே கோப்பை தூக்கினவங்க. வாவ்ரிங்கா மட்டும் நாலு தடவை! இரட்டையரில் பயஸ்–பூபதி ஜோடி 5 முறை ஜெயிச்சாங்க.

2009 முதல் இது ‘ஏடிபி 250’ வகை, அதாவது சாம்பியனுக்கு 250 புள்ளி. கிராண்ட்ஸ்லாம்னா 2000.

ஆட்ட முறை நமக்குப் புதுசு இல்ல. சேலம், நாமக்கல் பக்கம் ஊர்த் திருவிழாவில் நடக்கிற நாக் அவுட் கபடி மாதிரிதான்: தோத்தா வெளியே. 32 பேர்னா 5 சுற்று, 31 ஆட்டம். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்களுக்கு இது ஒரு பைனரி ட்ரீ. பிற்பாடு 28 பேர் ஆனப்போ முதல் 4 ரேங்க்காரர்களுக்கு ‘பை’ கொடுத்து, நேரா இரண்டாம் சுற்றுக்கு அனுப்பினாங்க.

அரையிறுதி சனி, இறுதி ஞாயிறு. நடுவில் ஓய்வு கிடையாது. 2008-ல் நடால், மோயாவோட கிட்டத்தட்ட 4 மணி நேரம் போராடி மூணு செட்டும் டைபிரேக்கரில் முடிய ஜெயிச்சார். மறுநாள் யூஷ்னியிடம் 0-6, 1-6. பாவம், கால் நகரவே இல்ல.

இப்போ அந்தக் குறுக்கு வழி. 32 பேரில் பெரும்பாலானவங்க ரேங்க் வைச்சு வருவாங்க, 4 பேர் தகுதிச் சுற்று ஆடி வருவாங்க. மீதி 3 இடம் நடத்துறவங்க கையில். அதுதான் வைல்டு கார்டு. பெரும்பாலும் உள்ளூர்ப் பசங்களுக்குத்தான் போகும்.

சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் படிச்சுக்கிட்டே 2007, 2008 இரண்டு வருஷமும் அமெரிக்கக் கல்லூரி சாம்பியன் ஆனவர். 2009 ஜனவரியில் வைல்டு கார்டில் நுழைஞ்சு மோயாவைத் தோற்கடிச்சார், கார்லோவிச்சைத் தோற்கடிச்சார், இறுதிப் போட்டி வரை போனார். அங்கே சிலிச்சிடம்தான் தோத்தார். சொந்த நாட்டில் போட்டி இல்லேன்னா அந்தக் கதவு அவருக்குத் திறந்திருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

அதனாலதான் 2018-ல் போட்டி புனேவுக்குப் போனது எனக்கு வெறும் இடமாற்றமாத் தெரியல. அப்பவாவது நாட்டுக்குள் இருந்துச்சு. 2023-க்குப் பிறகு அந்த ஏடிபி 250 இந்தியாவிலேயே இல்ல.

ஆனா நுங்கம்பாக்கம் சும்மா கிடக்கல. 2022-ல் பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 அங்கே நடந்துச்சு. வைல்டு கார்டில் வந்த கர்மன் தாண்டி முதல் சுற்றிலேயே தரவரிசையில் இடம் பெற்ற பாக்கேவை வீழ்த்தினார். ஆண்களுக்கு அடுத்த நிலையான சேலஞ்சர் போட்டி வருது. 2024 பிப்ரவரியில் அதை ஜெயிச்சுத்தான் சுமித் நாகல் முதல் முறையா உலகின் முதல் 100 பேருக்குள் நுழைஞ்சார்.