இரண்டாவது தடவை போ

பிரிஞ்சாங், கேமரன் மலை

அன்புள்ள மருமகனுக்கு,

உன் அப்பாவுக்கு நீ அனுப்பிய செய்தியை அவன் என்னிடம் காட்டினான். "சமூக மருத்துவப் போஸ்டிங் நம்ம மலைக்கே போட்டிருக்காங்க. வீடு வீடாப் போய் ஃபாரம் நிரப்பணும். அந்த நேரத்துக்கு வார்டில் நின்றால் நாலு கேஸாவது பார்க்கலாம்" என்று அலுத்துக்கொண்டிருந்தாய். "அக்கா, நீ ரெண்டு வார்த்தை எழுது, கேட்பான்" என்றான். இந்த மலையில் மிஸ்ஸியாக (தாதியாக) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

வார்டில் நீ பார்ப்பது கட்டிலில் படுத்திருக்கும் ஆளை. மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை மிஸ்ஸி பக்கத்தில் நிற்கிறாள். சாப்பாடு மணிக்கு வருகிறது. அங்கே சர்க்கரை இறங்கத்தான் செய்யும். வீட்டுக்குப் போனதும் அது ஏன் மறுபடி ஏறுகிறது? அதற்கான பதில் எந்த வார்டிலும் இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், 18 வயது நிரம்பிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. அதிலும் நம் இந்தியர்களிடம்தான் அதிகம். நீ ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) ஆனதும் உன் முன்னால் வந்து உட்காரப்போகிறவர்களில் பலர் இனிப்புநீர்க்காரர்கள்தான்.

முதல் தடவை ஒரு வீட்டுக்குப் போகும்போது நீ விருந்தாளி. நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள், மைலோ கலக்கித் தருவார்கள். "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "சாப்பிடுறேன் டாக்டர்" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதே. படித்த பிள்ளை வீடு தேடி வந்திருக்கிறது, அதன் மனம் நோகக்கூடாது என்ற மரியாதை. நீ அதை ஃபாரத்தில் குறித்துக்கொண்டு கிளம்பினால், குறித்தது அவர்களுடைய மரியாதையை மட்டுமே. அதே வீட்டுக்கு இரண்டாவது தடவை போ. அப்போதுதான் மாத்திரை டப்பா வெளியே வரும்.

தேயிலைக் கொழுந்து வெட்டும் ஓர் அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இறங்கவே இல்லை. கிளினிக்கில் மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். திரும்பத் திரும்பப் போனபின் ஒருநாள் பிஸ்கட் டின்னை என் முன்னால் கவிழ்த்தார். ஒரு மாத்திரை ஒழுங்காகத் தீர்ந்திருந்தது. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை மட்டும் பாக்கெட் பாக்கெட்டாக அப்படியே கிடந்தது. "அதைப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது மிஸ்ஸி. மலைச்சரிவுல பொம்பளை எங்க போறது?" என்றார். கிளினிக் டாக்டரிடம் சொன்னேன். வேலை முடிந்து வீடு திரும்பியதும் போடும்படி நேரத்தை மாற்றிக் கொடுத்தார். புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. 'மருந்து எடுப்பதில் ஒத்துழைப்பு இல்லை' என்று கார்டில் எழுதுவதற்கு முன்னால், அந்த ஆள் எத்தனை மணிக்கு எழுகிறார், எப்போது முதல் கவளம் சாப்பிடுகிறார், எங்கே நின்று வேலை செய்கிறார் என்று கேள்.

இன்னொன்று, பூட்ஸைக் கழற்றச் சொல். இங்கே கால் மரத்துப்போனால் குளிர் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் அதிகாலையில் யாருக்குத்தான் மரத்துப்போகாது? ஆனால் இனிப்புநீர்க்காரருக்கு நரம்பு கெட்டு மரத்துப்போயிருக்கலாம். ஈர ரப்பர் பூட்ஸுக்குள் கல் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. புண் சீழ் பிடித்து, ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதுதான் தெரியும். பாதத்தில் நைலான் இழையை அழுத்திப் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதைக் கொண்டுபோ. விரல் இடுக்குகளை விரித்துப் பார். அந்தக் காலைத் தொட நீ கூச்சப்பட்டால் அவரும் காட்டக் கூச்சப்படுவார்.

1929-இல் போ (BOH) தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில் கொழுந்து எடுத்தவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். இன்று இந்த மலையின் தேயிலை, காய்கறித் தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. அவர்களிடம் பேச மண்டோரை (கண்காணியை) மொழிபெயர்ப்புக்குக் கூப்பிடாதே. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான ஃபோமெமா மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருப்பவன், மண்டோர் காதுபட இருமலைக்கூடச் சொல்லமாட்டான். உடைந்த மலாயில் நீயே பேசு. நமக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அவனுக்குக் கட்டணம் பல மடங்கு. "ஏன் முன்னாடியே வரல?" என்று அதட்டுவதற்குமுன் இதை நினைத்துப் பார். செமாய் பழங்குடி மக்களின் கிராமத்துக்குப் போனால் முதலில் ஊர்த்தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து அனுமதி கேள். அது அவர்கள் ஊர்.

இப்படி வீடு வீடாகப் போய்ப் படிப்பது உன் பல்கலைக்கழகம் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்தவர். 1918-இல் அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சிஎம்சி மருத்துவக் கல்லூரி. அங்கே முதலாண்டு மாணவர்களையே கிராமத்தில் தங்கவைக்கிறார்கள். 1969-இல் சேவாகிராமத்தில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியில் ஒவ்வொரு ஆண்டு மாணவர்களும் ஒரு கிராமத்தைத் தத்தெடுக்கிறார்கள். நம் நாட்டில் குபாங் கிரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக (யுஎஸ்எம்) மருத்துவ மாணவர்களுக்குக் கிளந்தான் கிராமங்களில் குடும்பங்களை ஒப்படைத்தார்கள். இந்தியாவில் 2022 முதல் மருத்துவ மாணவர் எல்லாருமே சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். இந்தத் திட்டங்கள் குறி வைப்பது ஒன்றையே: போன வீட்டுக்கே திரும்பப் போவது. உன் போஸ்டிங்கோ சில வாரத்தில் முடிந்துவிடும். அந்தக் குறையை நீதான் ஈடுகட்ட வேண்டும். ஐம்பது வீட்டுக்கு ஒரு தடவை போவதைவிட, பத்து வீட்டுக்கு ஐந்து தடவை போவது மேல். லெக்சரர் ஐம்பதுதான் வேண்டும் என்றால் ஐம்பதையும் முடி, அதில் பத்தைப் பிடித்துக்கொள்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்குள் வந்து ரத்தம் எடுத்து, எடை பார்த்து, படம் பிடித்துக்கொண்டு போனவர்களை இந்த ஜனங்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். என்ன கண்டுபிடித்தீர்கள் என்று அவர்களிடம் திரும்ப வந்து சொன்னவர்கள் குறைவு. உன் ரிப்போர்ட்டை லெக்சரரிடம் மட்டும் கொடுத்துவிட்டு வராதே. யாருக்குக் கொதிப்பு ஏறியிருக்கிறது, யாருக்குக் காலில் உணர்ச்சி இல்லை என்று, அவரவர் சம்மதம் கேட்டு, பெயர்ப் பட்டியல் எழுதிக் கிளினிக் மிஸ்ஸி கையில் கொடு. நீ போனபின் அந்தக் கதவைத் தட்டப்போகிறவள் அவள்தான். அடுத்த லீவில் வரும்போது, பட்டியலில் எத்தனை பேர் மருந்துக்கு வந்தார்கள் என்று அவளிடம் கேள். உன் மார்க் லெக்சரர் போட்டதா, அந்த எண்ணிக்கையா என்று அப்போது நீயே முடிவு செய்துகொள்.

ஸ்வெட்டர் இரண்டு எடுத்து வா. சாப்பாட்டுக்கு அத்தை வீடு இருக்கிறது, கேன்டீனைத் தேடாதே.

அன்புடன்,
அத்தை