சூரசம்ஹாரத்துக்குப் பெரியவர்களை அழைத்துப் போகும்முன்



கந்த சஷ்டி ஆறாம் நாள் மாலை திருச்செந்தூர் கடற்கரையில் சூரசம்ஹாரம். தூத்துக்குடியில இருந்து 40 கி.மீ.தானேன்னு எங்க தெருப் பெரியவங்களை வேனில் கூட்டிப் போனேன். விரதம் இருந்த ஒரு ஆச்சி, சாப்பிடாம சுகர் மாத்திரையை மட்டும் போட்டிருந்தாங்க. மணல்ல உட்கார்ந்தவங்களுக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கிருச்சு. சர்க்கரைத் தண்ணி கொடுத்ததும்தான் தெளிஞ்சாங்க.

அன்னைக்குக் கத்துக்கிட்டது:

1. விரதம் தொடங்குமுன் மாத்திரை அளவை டாக்டரிடம் கேளுங்கள்.
2. மணலில் சக்கர நாற்காலி உருளாது. மடக்கு நாற்காலியோடு கூட்டத்தின் ஓரமாக இருங்கள்.
3. ஒருவருக்கு ஒரு துணை. கையில் போன் நம்பர் சீட்டு.
4. கூட்டம் கலைந்தபின் கிளம்புங்கள்.
5. முடியாதவர்களைச் சாதாரண நாளில் அழைத்துப் போங்கள். செந்திலாண்டவன் என்றும் அங்கேதான் இருக்கிறான்.

வேலும் மயிலும் துணை!