காமிரா எங்கே நிற்கிறது?

இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா 1952 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பம்பாயில் தொடங்கிற்று. பின்னர்ச் சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் சென்றது. அன்று பெருநகரத்தார்க்கு மட்டும் கிட்டிய அவ்வாய்ப்பு இன்று பல்கலைக் கழக அரங்குகளுக்கே வந்துவிட்டது. அவ்வரங்குகளில் இக்காலத்தில் மிகுதியாகப் பேசப்படும் பொருள்கள் இரண்டு. ஒன்று நிலைபேறு, மற்றொன்று உலகப் பண்பாடுகள். இவ்விரண்டையும் இணைத்து நடத்தும் திரைப்பட விழாவினால் மாணவர்க்கு விளையும் பயன் யாது, அப்பயனை முழுதும் பெறுவது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

நிலைபேறு என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுவது கடினம் அன்று. இன்றைய தேவைகளை நிறைவேற்றிக் கொள்ளும் நாம், நாளை வருவோர் தம் தேவைகளை நிறைவேற்றிக் கொள்ளும் வழியை அடைத்துவிடலாகாது. 1987 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவையின் புருண்ட்லாந்து ஆணையம் வெளியிட்ட அறிக்கையின் சாரம் இதுவே. இனி, நிலத்தையும் நீரையும் விதையையும் ஒரு மக்கட் கூட்டம் எவ்வாறு கையாளுகிறதோ, அக்கையாளும் முறையே அதன் பண்பாட்டில் பெரும்பகுதி ஆகும். ஆதலின் இவ்விரு பொருள்களையும் ஒரே விழாவில் வைத்துக் காண்பது பொருத்தமே.

ஆயின் ஒரு தடை உண்டு. அயலார் வாழ்க்கையை நாம் நேரே காண்பதில்லை. ஒருவர் எடுத்துக் காட்டிய அளவே காண்கிறோம். எடுத்தவர் எங்கே நின்று எடுத்தார் என்பதை அறியாவிடில், கண்டதை உண்மை என்று கொள்வதா, பாதி உண்மை என்று கொள்வதா என்பது விளங்காது. இதனை எனக்குத் தெளிவாக்கியது வெளிநாட்டுத் திரைக்கலை நூல் ஒன்று அன்று. நம் ஹைதராபாத்துக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் வாழும் உழவர் பெண்களின் அனுபவமே ஆகும்.

ஜஹீராபாத்துப் பெண்களின் இலக்கணம்

பம்பாய் செல்லும் நெடுஞ்சாலையில் ஜஹீராபாத் என்னும் ஊர் உள்ளது. முன்பு மேதக் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதி 2016 முதல் சங்காரெட்டி மாவட்டத்தில் அடங்கும். அங்குள்ள பஸ்தாபூரை இடமாகக் கொண்டு 1983 ஆம் ஆண்டு முதல் தக்காண வளர்ச்சிக் கழகம் இயங்கி வருகிறது. அதனை நிறுவியோருள் முதன்மையானவர், 2023 இல் மறைந்த பி. வி. சதீஷ். அவர் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகப் பணியாற்றியவர். அக்கழகத்தின் சங்கங்களில் சேர்ந்தோர் பெரும்பாலும் நிலம் குறைந்த தலித்துப் பெண்கள். மானாவாரி நிலத்தில் சோளம், தினை, துவரை எனப் பத்துக்கு மேற்பட்ட பயிர்களைக் கலந்து விதைப்பதும், விதைகளைத் தாமே காத்து வைப்பதும் அவர்கள் வழக்கம். ஆண்டுதோறும் சங்கராந்தியை ஒட்டி மாட்டு வண்டிகளில் அவ்விதைகளை ஏற்றி ஊர் ஊராகச் சென்று விழா எடுக்கின்றனர். "பாத பண்டல ஜாதரா" என்பது அதன் பெயர். பழம் பயிர்களின் திருவிழா என்பது பொருள்.

இப்பெண்களுள் சிலர் 1990களின் பிற்பகுதியில் காமிராவைக் கையாளப் பயின்றனர். அவர்களுள் பலர் எழுத்தறியாதவர். 2001 ஆம் ஆண்டில் அவர்களுக்கென்றே சமூக ஊடக அறக்கட்டளை ஒன்று அமைந்தது. 2008 அக்டோபர் 15 அன்று மாச்சனூரில் அவர்களது "சங்கம் ரேடியோ" ஒலிபரப்பைத் தொடங்கிற்று.

திரைக்கலை பயில்வோர் காமிராவின் கோணங்களை மேற்கோணம், கீழ்க்கோணம், கண்மட்டக் கோணம் என்று மூவகையாகப் பிரிப்பர். ஜஹீராபாத்துப் பெண்கள் இவற்றிற்குத் தம் வாழ்விலிருந்தே பெயர் தந்தனர். மேலிருந்து கீழே பார்த்து எடுப்பது பட்டேல் ஷாட். பட்டேல் என்பார் ஊர் நிலக்கிழார். அவர் உயர அமர்ந்து கூலியாளைக் கீழ்நோக்கிப் பார்ப்பதே வழக்கம் அன்றோ! கீழிருந்து அண்ணாந்து எடுப்பது அடிமையின் ஷாட். கண்ணுக்குக் கண் நேராக எடுப்பது சங்கம் ஷாட். சங்கத்தில் யாவரும் தரையில் வட்டமாக அமர்வர், அங்கே உயர்ந்தோரும் தாழ்ந்தோரும் இலர். தம் படங்களைச் சங்கம் ஷாட்டிலேயே எடுப்பது அவர்கள் கொள்கை.

விஞ்ஞான மாணவர்க்கு இது புதிய செய்தி அன்று. ஆய்வுக் கூடத்தில் பியூரெட்டின் நீர்மட்டத்தை மேலிருந்து பார்த்துக் குறித்தால் ஓர் எண் வரும். கீழிருந்து பார்த்தால் வேறோர் எண் வரும். இதனை இடமாறு தோற்றப் பிழை என்பர். கண்ணை மட்டத்திற்கு நேரே கொண்டு சென்றால்தான் சரியான அளவு கிட்டும். குழாயில் பிழை இல்லை, நீரிலும் பிழை இல்லை; பார்ப்பவர் நின்ற இடத்திலேதான் பிழை. பண்பாடுகளைக் காட்டும் படங்களில் நேரும் பிழையும் பெரும்பாலும் இவ்வகையினதே.

மேலிருந்து நோக்குதல்

அமெரிக்கரான ராபர்ட் பிளாகர்ட்டி 1922 இல் வெளியிட்ட "வடதிசை நானூக்" என்னும் படம் செய்திப்பட வரலாற்றில் முதன்மையாகப் பேசப்படுவது. கனடாவின் வடபால் பனிநிலத்தில் வாழும் இனுயிட் மக்களின் வாழ்க்கையை அது காட்டுகிறது. படத்தில் நானூக் எனப்பட்டவரின் உண்மைப் பெயர் அல்லகரியல்லக். அக்காலத்தில் அம்மக்கள் துப்பாக்கியால் வேட்டையாடக் கற்றிருந்தனர். படத்திலோ பழைய ஈட்டியே காட்டப்பட்டது. பனிவீட்டினுள் வெளிச்சம் போதாமையால் பாதி திறந்த பனிவீடு ஒன்றைக் கட்டி, அதில் குடும்பம் உறங்கி எழுவதைப் படம் பிடித்தனர். இசைத்தட்டை முதன்முறை காண்பவர் போல அவர் அதனைக் கடித்துப் பார்க்கும் காட்சியும் உண்டு. இனுயிட் மக்கள் அப்படத்திற்குப் பலவாறு துணை புரிந்தனர் என்பதும் உண்மையே. எனினும் காண்போர் உள்ளத்தில், "காலத்தால் பிற்பட்ட எளிய மக்கள்" என்னும் எண்ணமே நின்றது. பிளாகர்ட்டி அவர்களை இகழ நினைத்தாரல்லர். நினையாமலே நேர்ந்தது என்பதுதான் நாம் கருத வேண்டியது.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.–6 என்னும் துணைக்கோளின் வழியாக ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. உழவும் உடல்நலமும் கல்வியும் கற்பிக்கப்பட்டன. அறிவியல் நோக்கில் அஃது அருஞ்செயல், அதில் ஐயமில்லை. ஆயின் செய்தி மேலிருந்து கீழே மட்டும் இறங்கிற்று. கீழிருந்த உழவர் விடை சொல்லத் துணைக்கோளில் வழியில்லை. அம்முயற்சியில் பங்கு கொண்ட சதீஷே பிற்காலத்தில் உழவர் பெண்களின் கையில் காமிராவைக் கொடுத்தார்.

கீழிருந்து நோக்குதல்

மேலிருந்து நோக்குவது குற்றம் என்பதை எளிதில் ஒப்புக் கொள்வோம். அண்ணாந்து நோக்குவதும் குற்றமே என்பதை ஒப்புக் கொள்ளத் தயங்குவோம். பழங்குடியினர் யாவரும் காட்டின் காவலர், பழைய உழவு முறை யாவும் பழுதற்றது, முன்னோர் அறியாதது ஒன்றுமில்லை என்று போற்றும் படங்கள் விழாக்களில் பல வருகின்றன. அவை காண்போரை மகிழ்விக்கும், சிந்திக்க விடா. ஒருவரைத் தெய்வமாக்கிவிட்டால் அவருடைய கடன் சுமையையும், கூலிக் குறைவையும், முதுகு வலியையும் பற்றிக் கேட்கத் தோன்றாது. ஐந்திணை கண்ட மரபினர் என்று பெருமை கொள்ளும் நாம் இவ்வகைப் புகழ்ச்சியில் எளிதில் மயங்குகிறோம். ஐவகை நிலத்தையும் அவ்வவற்றின் வாழ்க்கையையும் வகுத்துப் பார்த்தது நம் இலக்கியத்தின் சிறப்பு. அச்சிறப்பைச் சொல்லிக் கொள்வதனால் இன்று வறண்டு கிடக்கும் ஏரியில் ஒரு குடம் நீரும் ஊறாது.

நேர் நின்று நோக்குதல்

நேர் நின்ற படத்திற்கு ஓர் எடுத்துக்காட்டு, வட மாசிடோனியாவில் எடுக்கப்பட்டு 2019 இல் வெளிவந்த "தேன்நிலம்". தமாரா கொதெவ்ஸ்காவும் லியூபொமிர் ஸ்தெபனொவும் இயக்கியது. மலையூர் ஒன்றில் முதிய தாயுடன் வாழும் ஹதீத்சே என்னும் பெண், காட்டுத் தேனீக்களிடம் பாதித் தேனை எடுத்துக் கொண்டு பாதியை விட்டு வைக்கிறாள். அண்டையில் குடியேறிய குடும்பத்துக்குப் பிள்ளைகள் பலர். தேன் வணிகனோ மேலும் மேலும் கேட்கிறான். அவர்கள் தம் கூடுகளில் முழுதும் எடுத்துவிட, அவர்களுடைய தேனீக்கள் ஹதீத்சேயின் தேனீக்களைத் தாக்கி அழிக்கின்றன. இப்படத்தில் ஹதீத்சே தெய்வம் அல்லள். அண்டை வீட்டான் அரக்கனும் அல்லன். அவன் வறுமையும் நம் கண்ணுக்கு நேரே நிற்கிறது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்களோடு பழகி எடுத்தமையால் இந்நேர்மை கைகூடிற்று.

பொழுதைக் காட்டுதல்

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. நிலத்தைக் காட்டுவது காமிராவுக்கு எளிது. பொழுதைக் காட்டுவது அரிது. நிலைபேறு என்பதோ முழுக்க முழுக்கப் பொழுதைப் பற்றிய செய்தி. இவ்வாண்டு விளைந்தது அடுத்த ஆண்டும் விளையுமா என்பதே அதன் வினா. ஒரு நாள் சென்று எடுத்த படம் இதற்கு விடை தராது.

2002 மார்ச்சுத் திங்களில் பி.டி. பருத்தி இந்தியாவில் அனுமதி பெற்றது. அவ்வாண்டுப் பருவத்தில் ஜஹீராபாத்துப் பெண்கள் வாரங்கல் மாவட்டத்துப் பருத்தி உழவரிடம் மீண்டும் மீண்டும் சென்று, பயிர் வளர்ந்ததையும் அவர்கள் நம்பிக்கை தளர்ந்ததையும் பதிவு செய்தனர். வாரங்கல் உழவர்க்குப் பி.டி. பருத்தி மீது சினம் ஏன் என்பதே அப்படத்தின் பெயரும் பொருளும். ஒரு பருவம் காத்திருந்து எடுத்தமையால் அதற்கு வலிமை உண்டு. ஆயினும் அது ஒரு மாவட்டத்தின், ஒரு பருவத்தின் சான்று. நாடு முழுவதற்கும் முடிவு கூறப் பல இடங்களில் பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகள் வேண்டும். அவற்றைப் பற்றி ஆய்வாளரிடையே இன்றும் வழக்கு உண்டு. இன்று நம் நாட்டுப் பருத்தி நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பி.டி. பருத்தியே பயிராகிறது, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ அதன் நஞ்சை எதிர்த்து வாழும் ஆற்றலைப் பெற்றுவிட்டது. படம் எழுப்பிய வினாவை ஆய்வுக் கூடமும், ஆய்வுக் கூடத்தின் எண்ணைப் படமும் சரி பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

இவ்வினாக்கள் பொழுதுபோக்குக்காக எழுப்புவன அல்ல. 2025 மார்ச்சு இறுதியில், ஹைதராபாத்துப் பல்கலைக் கழகத்தை அடுத்த காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தில் மரங்களை அகற்றும் பணி தொடங்கிற்று; மாணவர் எதிர்த்துப் போராடினர்; ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் பணியை நிறுத்தி வைத்தது. அந்நாட்களில் கைப்பேசி வழியே பரவிய படங்களுள் செயற்கை நுண்ணறிவால் ஆக்கியனவும் கலந்திருந்தன. அதனால் வழக்கின் ஒரு பகுதி மரங்களை விட்டுப் படங்களைப் பற்றியதாயிற்று. அங்கே மயில்களும் மான்களும் மெய்யாகவே வாழ்ந்தன. மெய்யிருக்கப் பொய்ப்படம் ஒன்றைச் சேர்த்தவர், மெய்யையும் ஐயத்துக்கு உள்ளாக்கினார். காமிராவே இல்லாமல் படம் பிறக்கும் இக்காலத்தில், "காமிரா எங்கே நின்றது?" என்னும் வினா முன்னிலும் முதன்மையானது.

நாம் செய்ய வேண்டியது

நம் மன்றத்தார் திரைப்பட விழாவில் பங்கு கொள்ளும்போது ஒவ்வொரு படத்தின் பின்னும் மூன்று வினாக்களை எழுப்பலாம். காமிரா மேலே நின்றதா, கீழே நின்றதா, நேரே நின்றதா? எவ்வளவு காலம் நின்றது? படத்தில் வருவோர் அப்படத்தைப் பார்த்தனரா, பார்த்து மறுமொழி கூறினரா? அரை மணி நேரம் இவற்றைப் பேசினால் அப்படம் பாடமாகும்.

தமிழ்ப் படம் ஒன்றையும் நாம் அளிக்கலாம். மணிகண்டன் இயக்கத்தில் 2022 இல் வெளிவந்து தேசிய விருது பெற்ற "கடைசி விவசாயி" அதற்குத் தக்கது. அதில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற நல்லாண்டி, நடிகர் அல்லர், மெய்யாகவே உழவர். அப்படத்தையும் இம்மூன்று வினாக்களால் சோதிக்க வேண்டும். நம்முடையது என்பதால் சலுகை கூடாது. தெலுங்கு நண்பர் அதில் குறை கண்டால் பொறுமையுடன் கேட்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஹைதராபாத்தில் மூன்றாண்டு, ஐந்தாண்டு தங்கிப் பயிலும் தமிழ் மாணவருட் பலர் இந்நகரின் எல்லையைத் தாண்டி ஒரு தெலுங்கானாச் சிற்றூரையும் கண்டதில்லை. உலகப் பண்பாடுகளை அரங்கில் அமர்ந்து காண்கிறோம். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள பண்பாட்டைக் காணாமலே பட்டம் பெற்றுச் செல்கிறோம். வரும் சங்கராந்தியை ஒட்டி ஜஹீராபாத்து விதைத் திருவிழாவுக்கு நம் மன்றத்தார் ஒரு நாள் சென்று வரலாம். கடைத்தெருவில் பேசக் கற்ற தெலுங்கு அங்கே போதும். கைப்பேசியில் படம் எடுக்க விரும்புவோர் முதலில் அவர்களோடு தரையில் அமர்ந்து பேசட்டும். இசைவு பெற்ற பின் எடுக்கட்டும். எடுத்ததை அவர்களுக்கே முதலில் காட்டட்டும்.